பதினெட்டு மீட்டர்

திருவருகையின் முதல் ஞாயிறன்று
கோயில்மணிக் கயிறு அறுந்தது.
பாதி நீவெசின் கையில்,
மீதி கோபுர இருட்டில் வௌவாலாய்த் தொங்கிற்று.
ஊதா விரிப்பை விரித்தாயிற்று,
நான்கு மெழுகுவத்திகளை நட்டாயிற்று.
அழைக்கத்தான் வழியில்லை.

திங்களன்று போரா வீசியது.
மலையிலிருந்து இறங்கித் திரியெஸ்தே நகரைக்
கழுத்தைப் பிடித்துக் கடலுக்குள் தள்ளப் பார்க்கும் காற்று.
நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்.
பால்காரி, பாதிரி, கடன்காரன்,
ஊர்போக உத்தரவு வராத ஆங்கிலச் சிப்பாய்,
எல்லாரும் ஒரே கயிற்றைப் பிடித்து
ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து நடந்தார்கள்.
போர் முடிந்து எட்டாண்டு.
இந்த நகரம் எந்த நாட்டுக்கு என்று
இன்னும் எவரும் எழுதித் தரவில்லை.

கால்வாய்க் கரையில் சான்சோனேயின் கடை.
ஆணி, தார், நங்கூரம், கயிறு.
கைகளை விரித்துப் பாகம் பாகமாய் அளந்தான்.
"பதினெட்டு மீட்டரா, எதற்கு?"
"மணிக்கு. அவர் வரப்போகிறாரே."
"வந்துவிட்டார் என்றல்லவா சொல்வீர்கள்?"
"வந்தார். வருவார்."
"அப்படியென்றால்
எங்களைவிட உங்களுக்குத்தான் சிரமம்."
சிரித்ததில் அளவு தப்பியது.
மறுபடி முதலிலிருந்து.

அளந்தபடியே சொன்னான்:
எங்கள் பழைய மொழியில் திக்வா என்றால் நம்பிக்கை.
திக்வா என்றால் கயிறும்.
எரிகோவின் மதிலில் குடியிருந்தவள்,
ஊர்வாயில் விழுந்து விழுந்து எழுந்தவள்,
சன்னலில் சிவப்பாய் ஒன்றைக் கட்டினாளே,
அதற்கும் அதே சொல்.
ஒற்றர்கள் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.
நடுவில் ஆறு கரைபுரண்டு கிடந்தது.
தினமும் முடிச்சைத் தொட்டுப் பார்த்திருப்பாள்.
ஆறு நாள் படை பேச்சில்லாமல் சுற்றியது.
சொந்த ஊரின் மதில் விழட்டும் என்றா காத்திருந்தாள்,
விழக்கூடாது என்றா?
எழுதியவன் அவளைக் கேட்கவில்லை.

நீவெஸ் சில்லறையை எண்ணினாள்.
கல்லாவுக்கு மேலே இரண்டு ஆணி.
ஒன்று வெறுமை. மற்றதில் கடையின் இரண்டாம் சாவி.
நாற்பத்துநான்கில் ரயிலேற்றப்பட்ட தங்கையுடையது.
அவன் சொல்லவில்லை.
ஊருக்கே தெரியும், ஊர் அதைப் பேசாது.

காத்திரு என்ற சொல்லுக்குள்
ஒரு காவலாளி இருக்கிறான்.
இரவு இன்னும் எவ்வளவு என்றால்
தோளைக் குலுக்குகிறான்.
இடத்தைவிட்டு எழுவதில்லை.

அன்றிரவு முனையை முடிச்சிடப்
புரிகளைப் பிரித்தாள்.
மூன்று புரி. நடுப்புரிக்குள்
ஒற்றைச் சிவப்பு இழை.
தொழிற்சாலை வைக்கும் அடையாளம்,
திருடுபோனால் கண்டுபிடிக்க.
அவளுக்கும் அது தெரியும்.
ஆனாலும் கை நின்றது.

கிறிஸ்துமஸ் நள்ளிரவில்
பங்குத்தந்தை லத்தீனில் இழுத்துப் பாடும் பெயர்வரிசை;
ஜனங்கள் இருமிக்கொள்ளவும்
பிள்ளைகளின் காலுறையை இழுத்துவிடவும்
ஒதுக்கிய நேரம்.
அதில் அவள் இருக்கிறாள்,
சல்மோனின் மனைவி, போவாசின் தாய்.
அவள் சன்னலிலிருந்து
கயிறு பிடித்து இறங்கியவர்கள் இரண்டு பேர்.
பிடித்து ஏறியது ஒரு வம்சம்,
ஈசாயின் வீட்டுக்கு,
வெட்டுண்ட அடிமரத்துக்கு,
அப்பால் ஒரு தச்சன் பட்டறைவரை.

திரித்தால் கயிறு.
திரித்தால்தான் திரியும்.
இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

இரண்டாம் ஞாயிறு மணியடித்தாள்.
புதுக்கயிறு உள்ளங்கையை உரித்தது.
காற்று ஓயவில்லை.
ஓசையைக் கடலுக்குக் கொண்டுபோனதோ
கால்வாய்க்குக் கொண்டுபோனதோ.

அங்கே சான்சோனே
தன் சாவியால் கடையைப் பூட்டினான்,
மற்றதை ஆணியிலேயே விட்டு.
தொப்பியை அழுத்திக்கொண்டு
தெருக்கயிற்றைப் பிடித்தான்.
கண்ணெல்லாம் தூசி, முன்னால் யாருமில்லை.
காற்றாகவும் இருக்கலாம்:
கயிறு கொஞ்சம் இழுபட்டது,
மறுமுனையில் யாரோ
அப்போதுதான் பிடித்ததுபோல்.